கோட்டைகளின் வழியே ஒரு சைக்கிள் பயணம்

சைக்கிள் எங்களுக்குப் புதிய விடயமல்ல. எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் விறகும் தண்ணீரும் நோயாளியும் பிள்ளைகளும் சைக்கிளில்தான் போய்வந்தார்கள். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ ஒரு பெண் சைக்கிள் ஓட்டுவதை யாரும் வியந்து பார்ப்பதில்லை. ஆனால் எந்த அவசரமும் இல்லாமல், இடங்களைப் பார்ப்பதற்காகவே நாட்கணக்கில் சைக்கிள் ஓட்டலாம் என்பதை நான் அனுபவித்து அறிந்தது 2018ஆம் ஆண்டில்தான்.

அவ்வாண்டு பயிற்சிநெறி ஒன்றுக்காக இங்கிலாந்தின் வடக்கிலுள்ள நியூகாசில் நகருக்குச் சென்றிருந்தேன். பயிற்சி முடிந்தபின் ஒரு வாரம் கையில் இருந்தது. உடன் பயின்ற தோழி ஒருத்தியும் நானும் இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். நியூகாசிலிலிருந்து ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோ வரை ஏறக்குறைய 320 கிலோமீற்றர் நீளமான சைக்கிள் பாதை ஒன்று உண்டு. ‘கரையும் கோட்டைகளும்’ என்பது அதன் பெயரின் பொருள். சில இடங்களில் தோட்டக்காரர்களின் ஒழுங்கை, சில இடங்களில் கடலோர ஒற்றையடிப் பாதை, சில இடங்களில் வாகனங்கள் ஓடும் தெரு. சந்திக்குச் சந்தி சைக்கிள் படமும் 1 என்ற இலக்கமும் போட்ட சிறிய நீலப்பலகை வழிகாட்டும். இந்தப் பாதைகளின் வலையமைப்பு ஒரு தொண்டு நிறுவனத்தின் முயற்சி. 1995இல் தேசிய லொத்தர் நிதியிலிருந்து கிடைத்த உதவியோடு அது விரிவடைந்தது. பலகைகளைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளமில்லாத தொண்டர்கள்.

இவ்வளவு கோட்டைகள் அங்கே ஏன் இருக்கின்றன? அது இரண்டு நாடுகளின் எல்லைப் பிரதேசம். 1296இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேர்ட் ஸ்கொட்லாந்தின் மீது படையெடுத்ததிலிருந்து, 1603இல் இரு நாடுகளுக்கும் ஒரே மன்னன் வரும்வரை, சுமார் 300 ஆண்டுகள் அங்கே சண்டையும் சூறையாடலும் விட்டுவிட்டு நடந்தன. இன்று படம் பிடிக்கப்படும் சுவர்களில் பல அந்தப் பயத்தில் எழுந்தவை.

பாம்பரோ என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி ஒரு பாறை முழுவதையும் பிடித்துக்கொண்டு பெரிய கோட்டை நிற்கிறது. 1464இல் பீரங்கிக்கு இரையான கோட்டை அது. ஆனால் என்னைக் கவர்ந்தது அதன் பிந்திய கதை. 18ஆம் நூற்றாண்டில் குரூ என்ற ஆயர் விட்டுச்சென்ற தரும சொத்தைக் கொண்டு, ஜோன் ஷார்ப் என்ற மதகுரு அந்தக் கோட்டைக்குள்ளேயே ஏழைகளுக்கான மருந்தகம் நடத்தினார். வறிய சிறுமிகளும் அங்கே படித்தார்கள். மலிவு விலையில் தானியம் விற்கப்பட்டது. கப்பல் உடைந்து கரையொதுங்கியவர்களுக்குத் தங்க இடம் கிடைத்தது. போருக்காகக் கட்டிய சுவருக்குள் பிள்ளைகள் எழுத்துப் படித்திருக்கிறார்கள் என்று வாசித்தபோது மனம் நிறைந்தது.

அங்கிருந்து வடக்கே புனித தீவு. கடல் வற்றும்போது மட்டும் தாம்போதி வழியாகப் போகலாம். நாளுக்கு இரு தடவை கடல் பெருகித் தெருவை மூடிவிடும். நேர அட்டவணையைப் பார்த்துத்தான் சைக்கிளை மிதிக்க வேண்டும். 793இல் வைக்கிங் கொள்ளையர்கள் இத்தீவின் மடாலயத்தைத் தாக்கினார்கள். தாக்குதல் பயம் நீங்காததால் 875இல் துறவிகள் தங்கள் புனிதரான கத்பேட்டின் உடலைச் சுமந்துகொண்டு வெளியேறினார்கள். ஏழு ஆண்டுகள் நிலையான இடமின்றி அலைந்தார்கள் என்பது வரலாறு. எதைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்த 1995 ஒக்ரோபர் இரவு எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆகையால் அந்தச் செய்தி எனக்குப் பழங்கதையாகத் தெரியவில்லை. பின்னர் அங்கு எழுந்த மடமும் 1537இல் அரச கட்டளையால் மூடப்பட்டது. அதன் கற்களைப் பெயர்த்துத்தான் தீவில் கோட்டை கட்டினார்கள்.

அடுத்தது பெரிக் நகரம். இரு நாடுகளுக்கிடையே பல தடவை கைமாறிய ஊர். 1296இல் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதும் இங்கேதான். அதன் பழைய கோட்டையைத் தேடிப் போனால் புகையிரத நிலையத்துக்குத்தான் வந்துசேர்வோம். 1840களில் கோட்டையின் பெரிய மண்டபத்தை இடித்து அந்த இடத்தில் நிலையத்தைக் கட்டினார்கள். மேடையில் ஒரு பலகை உண்டு. ஸ்கொட்லாந்தின் முடி யாருக்கு என்று 1292இல் எட்வேர்ட் மன்னன் தீர்ப்புச் சொன்ன இடம் இது என்று அது கூறுகிறது. அதில் இருப்பவை மன்னர்களின் பெயர்கள்.

அதே கோட்டையில் ஒரு பெண் நான்கு ஆண்டுகள் கூண்டில் அடைக்கப்பட்டிருந்தாள். அவள் பெயர் இசபெல்லா. புதிய மன்னனை அரியணையில் அமர்த்தும் உரிமை அவள் பிறந்த குடும்பத்துக்கு இருந்தது. அந்த உரிமையுள்ள ஆண் வாரிசு ஆங்கிலேயர் வசம் இருந்ததால், 1306இல் கணவனின் கட்சியையும் மீறிச் சென்று ரொபேர்ட் புரூஸுக்கு அவளே முடிசூட்டினாள். அவ்வாண்டே பிடிபட்டாள். கோட்டைக் கோபுரமொன்றில் மரத்தாலும் இரும்பாலும் கூண்டு செய்து அவளை அடைக்கும்படி எட்வேர்ட் கட்டளையிட்டான். ஸ்கொட்லாந்தவர் எவரும் அவளுடன் பேசக்கூடாது என்பதும் கட்டளை. புரூஸின் சகோதரி மேரிக்கும் இதே தண்டனை, ரொக்ஸ்பரோ கோட்டையில். ஆண்களின் போரில் ஆண்களுக்கு வலிக்கவேண்டும் என்பதற்காகப் பெண்களைக் காட்சிப்பொருளாக்கிய செயல் இது. 700 ஆண்டுகளுக்கு முன் நடந்தாலும் எங்களுக்கு விளங்காத விடயமா இது?

1310இல் இசபெல்லா கூண்டிலிருந்து மடமொன்றுக்கு மாற்றப்பட்டாள். 1313இல் வேறொருவரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டாள். அதன்பின் அவளைப் பற்றிய பதிவு இல்லை. புகையிரத நிலையப் பலகையிலும் அவள் பெயர் இல்லை.

பெரிக்கிலிருந்து பாதை கடலை விட்டு நீங்கி ருவீட் ஆற்றோரமாக உள்நாட்டுக்குச் செல்கிறது. கெல்சோவுக்கு அருகே ரொக்ஸ்பரோ என்று ஒரு நகரம் இருந்தது. இன்று அங்கே இருப்பது புல்வெளியும் கோட்டை நின்ற மேடும்தான். ஒரு நகரம் முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது.

எங்கள் பயணம் மெல்ரோஸில் முடிந்தது. 1136இல் தொடங்கிய அந்த மடாலயம் 1322இலும் 1385இலும் ஆங்கிலப் படைகளால் அழிக்கப்பட்டு, திரும்பவும் கட்டப்பட்டது. 1540களில் மறுபடியும் எரிக்கப்பட்டது. கூரையில்லாத சுவர்களும் நுட்பமான கல்வேலைப்பாடுகளும் மிச்சம். அந்த வளவில் ஒரு சிறிய வட்டக் கல். ரொபேர்ட் புரூஸின் இதயம் என்று கருதப்படுவதை 1921இல் அங்கே கண்டெடுத்து, 1996இல் மீண்டும் ஆராய்ந்து, 1998இல் மரியாதையோடு புதைத்து அடையாளக்கல் வைத்திருக்கிறார்கள். அவனுடைய இதயம் இருக்கும் இடம் தெரிகிறது. அவனுக்கு முடிசூட்டிய பெண்ணின் கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

சகோதரிகளே, இடிபாடுகள் ஒருநாள் பார்வையிடும் இடங்களாகும். எங்கள் ஊர்களிலும் அது தொடங்கிவிட்டது. பலகைகள் நடப்படும். எழுதுகிறவர்கள் தங்களுக்கு முக்கியமானதை எழுதுவார்கள். எங்களுக்கு முக்கியமானதை நாங்கள்தான் எழுதவேண்டும். பலகை வேண்டாம், ஒரு கொப்பி போதும். எந்தப் பாடசாலை எந்த ஆண்டு முகாமாக இருந்தது, அங்கே எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சியது யார், எந்தக் கிணறு ஊருக்கே தண்ணீர் கொடுத்தது, யாருடைய பிள்ளை எந்த இடத்தில் கடைசியாகக் காணப்பட்டான் என்று இடமும் ஆண்டும் போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மம்மாவிடம் கேட்டுப் பேத்தி எழுதட்டும். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்தை இதற்காக ஒதுக்கலாம்.

பெண்களின் பெயர்களை முழுப்பெயராகவே எழுதுங்கள். ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்.