தன்னிச்சை என்னும் சொல்

சிவாஜிநகரில் 1927-இல் கட்டப்பட்ட ரசல் சந்தையின் ஏதேனும் ஒரு கடையில் பழைய குழல்விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தால், அதனுள் நிகழ்வது இதுதான்: எலக்ட்ரான் மோதிக் கிளர்ச்சியுற்ற பாதரச அணுக்கள் 254 நானோமீட்டர் அலைநீளப் புறஊதாக் கதிரை உமிழ்கின்றன, கண்ணாடியின் உட்பூச்சு அதனைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. அணுவின் இச்செயலைத் தமிழில் 'தன்னிச்சை உமிழ்வு' என்று வழங்குவர். ஐன்ஸ்டைன் 1916-இல் வகுத்த பகுப்பில் இது தூண்டு உமிழ்வின் இணை. புறத்தே ஒளி வந்து தூண்டாமல் நிகழ்வது என்பதே கலைச்சொல்லின் பொருள். ஆயினும் 'இச்சை' என்னும் பகுதி மாணவர் மனத்தில் வேறொன்றையும் விதைக்கிறது: எப்போது, எத்திசையில் உமிழ்வது என்பதை அணு தனித்தே முடிவு செய்கிறது என்பது.

எட்வர்ட் பர்செல் 1946-இல் வெளியிட்ட சிறு குறிப்பு அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. அணு இழக்கும் ஆற்றல் எங்கேனும் சென்றாக வேண்டும். சூழல் எத்தனை வழிகளைத் திறந்து வைத்திருக்கிறதோ அதற்கேற்பவே உமிழ்வின் வேகம் அமையும். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ 0.59 பங்கினும் குறுகிய விட்டமுடைய உலோகக் குழாயின் உள்ளே அவ்வொளி பரவ வழியில்லை. ஆகவே அங்கு வைக்கப்பட்ட அணு கிளர்ச்சி நிலையிலேயே நெடிது தங்கும். அலைவழிக்குள் உமிழ்வை இவ்வாறு அடக்கலாம் என்பதை டேனியல் கிளெப்னர் 1981-இல் எடுத்துரைத்தார்.

குழல்விளக்கும் உருளைதானே என்று கேட்கலாம். அதன் விட்டம் 26 மில்லிமீட்டர். பாதரசக் கதிரின் அலைநீளத்தைப் போல் ஒரு லட்சம் மடங்கு. அணுவுக்கு அது திறந்தவெளியே. விளைவு தோன்ற உருளை அலைநீள அளவுக்குச் சிறுக்க வேண்டும். கண்ணாடி ஒளியிழையைச் சூடாக்கி இழுத்து அரை மைக்ரோமீட்டருக்கும் மெலியச் செய்தால், அதனுள் செல்லும் ஒளியின் ஒரு பகுதி மேற்பரப்புக்கு வெளியேயும் படர்ந்திருக்கும். அப்பரப்பை ஒட்டிய அணு விரைந்து உமிழ்வதோடு, ஒளியின் கணிசமான பங்கை இழைக்குள்ளும் செலுத்துகிறது. அணுக்களுக்கு மாற்றாகக் குவாண்டம் புள்ளிகளை இழைமேல் வைத்து, ராமச்சந்திரராவ் யெல்லாவும் குழுவினரும் டோக்கியோவில் 2012-இல் அளந்த உச்சப் பங்கு சுமார் 22 விழுக்காடு. யெல்லா பின்னர் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார்.

ரசல் சந்தையின் பழ வணிகர் ஒருவருக்குத் தமிழும் கன்னடமும் தக்கினி உருதுவும் கைவந்தவை. வருபவரின் முகம் பார்த்து மொழி மாறும். தமிழ் வாக்கியத்தின் நடுவே கன்னடத்துச் 'சொல்ப' இயல்பாக வந்து அமரும். மொழியியல் வகுப்புகளில் இதனைச் சூழலின் விளைவு என்றும், வெளியே 'கெட்டுப்போன தமிழ்' என்றும் சொல்வதுண்டு. இரண்டிலும் விடுபடுவது வணிகரின் தேர்வு. அணுவுக்குத் தேர்வில்லை, எதிரே நிற்பவரை அறிந்து சொல்லெடுக்கும் வணிகருக்கு உண்டு. இயற்பியல் அணுவுக்கு வழங்கிய 'தன்னிச்சை' அவருக்கே கூடுதலாகப் பொருந்துகிறது.

வேரூன்றிய கலைச்சொல்லை மாற்றுவது எளிதன்று; தேவையும் இல்லை. பாடநூலில் அச்சொல்லை அடுத்து, உமிழ்வின் வேகமும் திசையும் சூழலைப் பொறுத்தவை என ஒரு வரி சேர்த்தால் போதும். தமிழ்வழியில் இயற்பியல் பயிலும் மாணவர் பர்செலை அடையும் நாளில் சொல் அவருக்குத் தடையாக நில்லாது.