கலங்கல் கடலுக்கு எந்த லென்ஸ்?

கன்னியாகுமரி முனையில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கடல் ஒன்றுதான். சின்னமுட்டத்திலிருந்து மணக்குடி, முட்டம், கடியபட்டணம், குளச்சல் என்று கரையோரமாகவே தேங்காய்ப்பட்டணம் வரை போனால் அது ஊருக்கு ஊர் நிறம் மாறுவது தெரியும். மணக்குடியில் பழையாறும் கடியபட்டணத்தில் வள்ளியாறும் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலின் அடியையே கிளறிவிடும். காற்று ஓய்ந்த மாதங்களில் தண்ணீர் தெளியும். ஆனாலும் லட்சத்தீவுப் படங்களில் பார்க்கிற கண்ணாடித் தெளிவு இங்கே அரிது. ஆகவே இந்தக் கரையில் கடலடியைப் படமெடுக்க நினைக்கிறவர், கருவி வாங்குவதற்கு முன் கலங்கலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள தண்ணீரைக் குறைக்கிற லென்ஸ், அந்தத் தண்ணீரில் படாமல் பொருளின்மேல் விழுகிற வெளிச்சம்: இவை இரண்டும் போதும் என்பேன்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அது பெரும்பகுதி மங்கிவிடும். ஆழத்துக்கு மட்டுமல்ல, பக்கவாட்டுத் தூரத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிப்பி அப்பிய ஒரு பாறைச் சுவரை மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் நீலச் சாம்பல்தான் மிஞ்சும். அதே சுவரை மிக அகலக் கோண ஃபிஷ்ஐ லென்ஸால் ஓரடி தூரத்தில் எடுத்தால் சுவரும் முழுதாக அடங்கும், சிப்பியின் பழுப்பும் பிழைக்கும். கேமராவை நீர்புகாமல் மூடும் ஹவுசிங்கின் முன்கண்ணாடி தட்டையாக இருந்தால் ஒளிவிலகல் பார்வைக் கோணத்தைச் சுருக்கிவிடும். அகலக் கோண லென்ஸுக்கு அரைக்கோள வடிவ டோம் போர்ட் வேண்டும் என்பது அதனால்தான். ஃபிஷ்ஐ கோடுகளை வளைத்துவிடுமே என்பார்கள். உண்மை, ஆனால் கடலடிப் பாறையில் வளைந்தால் கண்ணை உறுத்தும் நேர்கோடு எங்கே இருக்கிறது? கூச்சமுள்ள உயிர்களுக்கு 100 மில்லிமீட்டர் மேக்ரோதான் நல்லது என்ற வாதத்தில் நியாயம் அதிகம். தெளிந்த கடலில் நானும் அதையே சொல்வேன். இங்கே அது கேட்கும் கூடுதல் இடைவெளியைக் கலங்கல் நிரப்பிவிடும். பாறையிடுக்கில் மீசை நீட்டியிருக்கும் சிங்கிறாலுக்கு 60 மில்லிமீட்டரே பாதுகாப்பான தேர்வு.

கலங்கலை வெல்ல ஸ்ட்ரோப் எனப்படும் கடலடி ஃபிளாஷின் பலத்தைக் கூட்டினால் போதாதா? போதாது, நிலைமை மோசமாகும். பனிமூட்டத்தில் காரின் ஹைபீம் செய்வதைத்தான் அதுவும் செய்யும்: மிதக்கும் ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் விழும். லென்ஸுக்கு முன்னாலிருக்கும் தண்ணீர் இருட்டாகவும், பொருள் மட்டும் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். அதற்குக் கேமராவிலேயே ஒட்டியிருக்கும் ஃபிளாஷ் உதவாது. ஹவுசிங்கில் பொருத்திய நீண்ட கைகளில் இரண்டு நடுத்தர ஸ்ட்ரோப்களை அகலமாக விரித்து, டோமுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தி, முகத்தை லேசாக வெளிப்பக்கம் திருப்பினால், ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் பொருளைத் தொடும். பணம் குறைவென்றால் பெரிய ஸ்ட்ரோபை விட்டுவிட்டு நீளமான கைகளை வாங்கலாம். 1926-இல் ஃப்ளோரிடா கடலில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் முதல் வண்ணக் கடலடிப் படங்களை எடுத்தபோது, மக்னீசியப் பொடியை எரித்தது கேமராவுக்குப் பக்கத்தில் அல்ல, நீர்மட்டத்தில் மிதந்த தெப்பத்தில். இன்றைய சென்சாரில் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி, நிறத்தைக் கணினியில் மீட்கலாம் என்பதும் ஓரளவுக்கே சரி. வெயிலடிக்கும் ஆழமற்ற இடத்தில் அது நடக்கும். சிவப்பு வந்து சேராத இடத்தில் மென்பொருள் கூட்டுவது வெறும் இரைச்சலை.

இத்தனை பாடுபட்டு இங்கே ஏன் எடுக்க வேண்டும், அந்தமானுக்குப் போகலாமே என்பதுதான் கடைசி ஆட்சேபம். அந்தமானின் பவளத்தை எடுக்க ஆயிரம் கேமராக்கள் இருக்கின்றன. முனைக்குத் தெற்கே கிடக்கும் வாட்ஜ் பேங்க், இலங்கையுடனான 1976 ஒப்பந்தத்தின்படி இந்தியாவின் உரிமைக்குள் வந்த வளமான மீன்பிடித் தளம். அதன் அடியைக் கண்ட தமிழ் வாசகர் எத்தனை பேர்? கரையோரப் பார்களை, அதாவது கடலடிப் பாறைத்திட்டுகளை, மலைமுகட்டையும் ஆலயக் கோபுரத்தையும் நேர்கோர்த்து நினைவில் வைத்திருக்கும் மீனவர்களுக்கும், மூச்சடக்கி முங்கிச் சிப்பி எடுப்பவர்களுக்கும் அவை தெரியும். கரையில் இருந்து முடிவெடுப்பவர்களுக்குத் தெரியாது. இதே கரையில் உள்ள இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு 2016-இல் மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் தந்தது, மீனவர்கள் எதிர்த்தார்கள். அடுத்த திட்டம் வரும்போது, அலைத்தடுப்புக் கற்கள் விழப்போகும் இடத்தில் என்ன வாழ்கிறது என்பதை அதன் சொந்த நிறத்தில் மேசைமேல் வைக்க முடிய வேண்டும். அதற்கான படத்தை ஓரடி தூரத்தில் நின்றுதான் எடுக்க முடியும். எந்த நாளில் எந்தப் பாரில் தண்ணீர் தெளியும் என்பதைச் சிப்பிக்கு முங்குகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.