முள்ளு வெட்டுன கை

சீமைக் கருவேலத்தை ஒழிக்கத்தான் வேண்டும். கண்மாயையும் ஓடையையும் அடைத்துக்கொண்டு, வேறு செடியைத் தலைதூக்க விடாத மரம் அது. ஆனால் அதை ஒழிக்கும் பேச்சில் எங்க சனம் எங்கே?

எங்க பக்கம் அதுக்கு வேலிக்கருவை என்று பேர். 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பைப் பக்கம் விதைத்தது வெள்ளைக்காரன் அரசாங்கம். நாட்டு மரத்தில் கை வைத்தால் பட்டாக்காரன் அடிக்க வருவான். வேலிக்கருவையை வெட்டினால் ஏனென்று கேட்க ஆளில்லை. அம்மா அதை வெட்டித்தான் அடுப்பெரித்தாள், கரிமூட்டம் போட்டாள். எங்களைப் படிக்க வைத்த காசில் அந்த முள்ளும் இருக்கிறது.

2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. அதே ஆண்டு சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. எங்க ஊர்க் கண்மாயில் காண்டிராக்டர் மேல்மரத்தை மட்டும் வெட்டி லோடு ஏற்றினார்.

"தூரத் தோண்டாம வெட்டுனா ஒண்ணு நாலாத் தளுக்கும்டா. ஆடு நெத்தத் தின்னு புழுக்க போட்ட எடமெல்லாம் மொளைக்கும்" என்றாள் அம்மா. அடுத்த மழைக்கு அப்படியே ஆனது. அவளிடம் கேட்டவர் யாருமில்லை.

பூவுக்கும் இதே கதைதான். சிம்மக்கல் நூலகத்தில் உட்கார்ந்து நாட்டுப் பூச்செடிகளைப் பற்றிக் குறிப்பெடுத்தேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் ஆவிரையும் தும்பையும் பூளையும் உண்டு. ஊருக்குப் போய்ப் பேரைச் சொன்னதும், எது எந்த வரப்பில், எந்த மாசம் பூக்கும் என்று அம்மா வரிசையாகச் சொன்னாள். "ஊரான் காட்டுல களையின்னு நான் பிடுங்கிப் போட்டதுதான இதெல்லாம்?" என்று சிரித்தாள்.

வெட்டுக்காயத்தில் அவள் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பிறந்த இடம் பார்த்துத்தான் தள்ளுவதென்றால் அதையும் பிடுங்க வேண்டும். பிறப்பைக் கேட்டுத் தள்ளி வைக்கும் பேச்சு நமக்குப் புதுசா என்ன? பக்கத்துச் செடியை அது வாழ விடுகிறதா என்பதுதான் கேள்வி. வேலிக்கருவை விடுவதில்லை, அதனால் அது போகட்டும்.

தூரோடு தோண்டுகிற வேலை, நிலமில்லாத எங்க பெண்களுக்கு முழுக் கூலியோடு வரட்டும். விறகும் கரியும் அவர்களுக்கே சேரட்டும். அந்த இடத்தில் என்ன நடலாம் என்று அவர்களைக் கேளுங்கள். தோழர்களே, இன்னொன்றையும் கவனியுங்கள்: முள் நீங்கிய புறம்போக்கில் மறுநாள் யார் வேலி போடுகிறான் என்று பாருங்கள்.