பிழையை மறையாத பொறி

பிழையே செய்யாத கருவி உலகில் இல்லை. நேர்ந்த பிழையை அறிந்து, அதனை மறையாது கூறும் கருவியையே நல்ல கருவியென்று கொள்ளல் வேண்டும். இதனை எனக்கு உணர்த்தியது நூலன்று. ஒரு பின்னிரவில் நின்றுபோன சேவையகக் கணனியே.

அக்காலத்தில் நான் கணனிக்கூட உதவியாளனாக இருந்தேன். பரீட்சைப் புள்ளிகள் பதியப்பெற்ற அச்சேவையகத்தின் குறிப்பேட்டில், "பிழை, திருத்தப்பட்டது" என்னும் வரி மூன்று வாரங்களாகத் தோன்றிக்கொண்டிருந்தது. வட்டுகளை இணைக்கும் விரிவாக்க அட்டையே அதிற் சுட்டப்பட்டிருந்தது. திருத்தப்பட்டதன்றோ, இனிக் கவலை எதற்கென்று வாளாவிருந்தேன். பெறுபேறுகள் வெளியாவதற்கு முதல்நாளிரவு அவ்வட்டை செயலிழந்தது, கணனியும் நின்றது. பெறுபேறுகள் மூன்று நாட்கள் பிந்தின. நண்பரொருவர் பெறுபேற்றுத் தாளின்றியே தொழிலுக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்ல நேர்ந்தது.

அவ்வரியின் பொருளைப் பின்னரே கற்றேன். 1992இல் அறிமுகமான பிசிஐ பாட்டையில், தரவோடு ஒரு சோதனைப் பிட் சேர்ந்து செல்லும். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையாக அமையாவிடின் பிழை வெளிப்படும். வெளிப்பட்ட பின்னர் செய்யத்தக்கது சிறிதே. பெரும்பாலும் பொறி முழுவதும் நிறுத்தப்படும். கெட்ட தரவு வட்டிற் பதிவதிலும் பொறி நின்றுவிடுதல் மேலன்றோ? 2003 முதல் வழக்கிற்கு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையிலோ, ஒவ்வொரு தரவுப் பொதியும் வரிசையெண்ணையும் சரிபார்ப்புக் குறியீட்டையும் தாங்கிச் செல்கின்றது. குறியீடு பொருந்தாவிடின் அனுப்பிய முனையே அதனை மீண்டும் அனுப்பும். நான் பொருட்படுத்தாத "திருத்தம்" இத்தகையதே.

திருத்தவியலாப் பிழைக்கும் வழியுண்டு. ஐபிஎம் பவர் இயந்திரங்களில், பாலமாக அமைந்த வன்பொருள் பிழைத்த அட்டையை உடனே தனிமைப்படுத்துகின்றது. அதற்கு எழுதப்படுவன கைவிடப்படும். அதிலிருந்து வாசிக்கப்படுவன யாவும் ஒன்றுகளாகவே வரும். அட்டையின் இயக்கி மென்பொருள் பணியை நிறுத்த, அட்டை மீளமைக்கப்பட்டு, பழைய அமைவுகள் திரும்ப எழுதப்பட்டுப் பணி தொடரும். லினக்ஸின் வழமையான அமைப்பில், ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவைக்கு மேல் பிழைத்த அட்டை நிரந்தரமாக விலக்கப்படும். மன்னிப்புக்கும் ஓர் எல்லை வகுத்துள்ளனர்!

எங்கள் அட்டையின் இயக்கி மென்பொருளில் இம்மீட்புக்குரிய பகுதி எழுதப்பட்டிருக்கவில்லை. எனவே மீட்பு தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. மறுநாள் அட்டையைக் கழற்றியபோது அதன் தொடுமுனைகளிற் தூசி படிந்திருந்தது. துடைத்து வேறொரு செருகுவாயிற் பொருத்தியதும் அது இயங்கிற்று. மூன்று வாரங்களுக்கு முன்னர் செய்திருப்பின் பத்து நிமிட வேலை.

பொறி தன் கடமையிற் தவறவில்லை, நாள்தோறும் சொல்லிக்கொண்டேயிருந்தது. கேளாதவன் நானே. இன்று எந்தச் சேவையகத்தைப் பொறுப்பேற்பினும், "திருத்தப்பட்டது" என்னும் வரியையே முதலில் தேடுகின்றேன்.