உண்மை விடுதலை எது?

விடுதலை! இச்சொல்லைக் கேட்டதும் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளாகிய நம் கண்முன் நிற்பது அகழி சூழ்ந்த அந்தக் கோட்டைதான். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். அன்றே அவர்கள் அடக்கப்பட்டாலும், 1947இல் நாடு விடுதலை பெற்றது. அந்நியன் போய்விட்டான். ஆனால் மனிதனின் உள்ளத்தில் குடியிருக்கும் கொடுங்கோலன் போய்விட்டானா?

பாவம், சட்டம், தன் பலத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை ஆகிய மூன்றின் பிடியிலிருந்தும் கிறிஸ்து நம்மை விடுவித்தார் என்பது புனித சின்னப்பரின் போதனை. மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்ட ஒரு தோழி எழுந்து, "சிஸ்டர், பாவத்திலிருந்து விடுதலை சரி. சட்டம் நல்லதுதானே? அதிலிருந்து ஏன் விடுதலை?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் பாவம். நம் வீடுகளில் பள்ளி திறக்கும் மாதத்தில் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போவது புதிதன்று. அடகு வைத்த நகை தானாக எழுந்து வீடு திரும்புமோ? வட்டி ஏற ஏற அது மூழ்கியே போகும். உரியவர் விலையோடு வந்தால்தான் அதற்கு வாழ்வு. அப்படிக் கொண்டுவருவதை நாம் ‘மீட்பது’ என்கிறோம். கோவிலில் இயேசுவை ‘மீட்பர்’ என்று அழைக்கும்போது நாம் சொல்வதும் அதே சொல்லைத்தான். நாம் மூழ்கிப் போகாதபடி சிலுவையில் தம் உயிரையே விலையாகத் தந்து நம்மை மீட்டார் அவர்.

அடுத்தது சட்டம். சட்டம் கெட்டது என்று சின்னப்பர் சொல்லவில்லை. அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போகும் அடிமை ஒருவன் இருப்பான். திருச்சட்டத்தை அவனுக்கு ஒப்பிட்டார் அவர். வாசல்வரை கொண்டுபோய் விடுவது அவன் வேலை. பாடம் கற்பிப்பவர் உள்ளே இருக்கிறார்! சட்டம் தவற்றைச் சுட்டிக்காட்டும், தண்டிக்கும். உள்ளத்தில் அன்பை ஊட்ட அதனால் இயலாது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். தீண்டாமை ஒழிக்கப்பட்டதாக நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அது 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. என் தந்தை ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்பவர். சென்ற ஆண்டு வேறோர் ஊரில் ஒரு வீட்டுக்கு அவருடன் போயிருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அப்பாவின் தொழிலைக் கேட்டறிந்த பின், எங்கள் இருவருக்கு மட்டும் காகிதக் குவளையில் வந்தது. சட்டம் அவ்வீட்டுக்கும் உண்டு, உள்ளம் மாறவில்லை. திரும்பும் வழியில் நான் பொருமியபோது அப்பா, "அது அவங்க கால்ல கெடக்கிற சங்கிலிம்மா. அத நாம எடுத்து ஏன் மாட்டிக்கணும்?" என்றார்.

அன்றிரவு திருத்தூதர் பணிகள் நூலைப் புரட்டியபோது ஓர் இடத்தில் என் விரல் நின்றது. இராயப்பர் என்று நம் பாட்டிமார் அழைக்கும் புனித பேதுரு, யோப்பா நகரில் பல நாள் தங்கியது யார் வீட்டில் தெரியுமா? தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில்! செத்த விலங்கைத் தொடுவோர் தீட்டுப்பட்டவர் என்பது பழைய சட்டம். தோல் பதனிடும் இடம் ஊருக்கு ஐம்பது முழம் தள்ளி இருக்க வேண்டும் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. சீமோனின் வீடும் கடலோரத்தில்தான் இருந்தது. அந்த வீட்டு மாடியில் நண்பகலில் செபிக்கும்போதுதான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லக் கூடாது என்ற காட்சி பேதுருவுக்குக் கிடைத்தது. மறுநாள் அவர் பிற இனத்தவரான கொர்னேலியுவின் வீட்டுக்குப் புறப்பட்டார். யூதரல்லாத நம் எல்லாருக்கும் திருச்சபையின் கதவு திறந்த கதை, தோல் வாடை வீசும் ஒரு வீட்டில் தொடங்குகிறது. ஆண்டவர் அரண்மனையைத் தேடவில்லை பார்த்தீர்களா!

மூன்றாவது, தன் பலம். ‘தன் கையே தனக்குதவி’ என்று படிக்கிறோம். படிப்புக்கும் உழைப்புக்கும் அது பொருந்தும். ஆனால் காகிதக் குவளை தந்தவரை மன்னிக்க அந்தக் கை போதுமா? நான் முயன்று பார்த்தேன், போதவில்லை. பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும் என்பார் அப்பா. யாரோ அதை உப்பிட்டு, ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, பதனிட வேண்டும். அக்காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் கிடந்துதான் அது உறுதி பெற்றது. எந்தத் தோலும் தன்னைத்தானே பதனிட்டுக்கொள்வதில்லை! இறையருளின் கையில் நாமும் அப்படித்தான்.

நம் தமிழ் மண்ணில் இதை வாழ்ந்து காட்டினார் புனித தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் உயர்குடியில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, ‘கடவுளே உதவி’ எனப் பொருள்படும் பெயரை ஏற்றார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாருடனும் பழகினார். 1749இல் சிறைப்பட்டு, விலங்கிடப்பட்டு, எருமை மேல் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பதவியும் குலமும் உதவாத நேரத்தில் அவர் பெயரே அவருக்குத் துணையாயிற்று. விலங்கு பூட்டியவர்கள் அச்சத்துக்கு அடிமைகள். விலங்குக்குள் இருந்தவரோ விடுதலை பெற்றவர்! 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதிப் பெயர் சேர்க்காமல் தேவசகாயம் என்றே அழைத்தது திருச்சபை.

அன்புத் தோழியரே! விடுதலை என்பது விரும்பியபடி திரிவதற்கு உரிமைச் சீட்டன்று. அன்பினால் ஒருவருக்கொருவர் பணிவிடை செய்யவே நாம் விடுவிக்கப்பட்டோம் என்று சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதினார். மணியடிக்கும் முன்னே வீட்டுப்பாடத்தைத் தண்டனைக்குப் பயந்து முடிப்பவளும் உண்டு, ஆசிரியையின் மேல் உள்ள அன்பால் முடிப்பவளும் உண்டு. நோட்டு ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளம் வேறு. அடுத்த ஆண்டு நம்மில் பலர் கல்லூரிக்கும், சிலர் ஷூ கம்பெனிக்கும் போவோம். எங்கே போனாலும், மீட்கப்பட்டவர்களாய்த் தலைநிமிர்ந்து நடப்போம். நம் வீட்டுக்கு வருபவர் யாராயினும் ஒரே விதமான டம்ளரில் தண்ணீர் கொடுப்போம்.