அக்காள் திறந்த படல்

நேயர்களே, மரம் நடு விழா என்றாலே எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை உண்டு. காரணம், நானே ஒரு குற்றவாளி.

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் வருஷந்தோறும் ஜூன் 5-ந் தேதி ஒரு வேப்பங்கன்று நடுவோம். போட்டோ எடுப்பார்கள், காராபூந்தி கொடுப்பார்கள். மறு வருஷம் குழி வெட்ட ஆள் தேட வேண்டியதே இல்லை. போன வருஷத்துக் குழியே தயாராக இருக்கும்! கன்று ஆட்டின் வயிற்றுக்குள் போயிருக்கும். பழியும் ஆட்டின்மேல் போய்விடும்.

ஆகையால், திருப்பூர் பனியன் முதலாளிகள் மரம் நடுகிறார்களாம் என்று கேள்விப்பட்டபோது, "நாம் பார்க்காத ஆடா!" என்று சிரித்துவிட்டேன். சிரிக்காதவள் என் அக்காள்.

அக்காளுக்கு நொய்யல் ஆற்றுக்குக் கிட்டத்தில் சிறு தோட்டம் ஒன்று உண்டு. வெள்ளிங்கிரி மலைப் பக்கம் பிறந்து காவிரியில் கலக்கிற அந்த ஆற்றில் சாயப்பட்டறைக் கழிவு ஓடியது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுக்குத் தொட்டியாயிற்று. அக்காள் கிணறும் உப்புக் கரித்தது. பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் மட்டை தொங்கிக் காய்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு வருஷக் கணக்காக இழுத்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்தம் செய்து, அதே தண்ணீரைத் திரும்ப உபயோகிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அதற்கு நாலு வருஷம் கழித்து, 2015-ல், ஊர்த் தொழிலதிபர்கள் 'வெற்றி' என்ற தங்கள் அமைப்பின் மூலம் 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தைத் தொடங்கினார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அக்காளிடம் வந்து சொன்னார். அக்காள் படலை இழுத்துச் சாத்தினாள்.

"ஏண்டா தம்பி, கெணத்துல உப்பை ஏத்திப்போட்டு, இப்பச் செடி குடுக்க வாராங்களா?"

நியாயமான கேள்விதான். முதலாளிகள் எல்லாரும் சாயப்பட்டறை வைத்திருப்பவர்கள் அல்ல. ஆனால் காய்ந்த தென்னையின் அடியில் நிற்கிறவளிடம் அந்தக் கணக்கை எப்படிச் சொல்வது?

அவள் மனத்தை மாற்றியது என் பேச்சு அல்ல; திட்டத்தின் ஏற்பாடு. கன்றும் நடுகிற செலவும் அவர்களுடையவை. நிலமும், வேலியும், தண்ணீரும் நிலத்துக்காரருடையவை. வளர்ந்த மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். பார்த்தீர்களா சூட்சுமத்தை? எங்கள் ஆபீஸ் வேப்பங்கன்றுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. அதனால்தான் அது ஆட்டுக்குச் சொந்தமாயிற்று. கைக்காசு போட்டு வேலி கட்டியவன் கன்றைச் சாக விடுவானா? இப்படி நட்டவை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இரண்டு வருஷம் பக்கத்துத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் அக்காள். அங்கே நிழல் விழுந்தது, மைனா வந்தது. மூன்றாம் வருஷம் படலைத் திறந்தாள். உப்புத் தண்ணீருக்கும் ஓரளவு தாக்குப் பிடிக்கிற வேம்பும் புங்கனுமாகப் பார்த்துக் கேட்டு வாங்கினாள்.

"மன்னிச்சுட்டியா, அக்கா?" என்றேன்.

"மன்னிக்கறதுக்கெல்லாம் மனசு வரலைடா. செடி மேல எனக்கென்ன கோவம்?"

நேயர்களே, இதைவிடச் சரியான தீர்ப்பை நான் கேட்டதில்லை. ஆற்றைக் கெடுக்காமலிருப்பது கடமை. மரம் நடுவது பரிகாரம். பரிகாரம் ஒருநாளும் கடமைக்கு ஈடாகாது. அதற்காகப் பரிகாரத்தை வேண்டாமென்று தள்ளவும் முடியாது.

போன மாதம் போயிருந்தேன். ஒரு கன்று நடட்டுமா என்று ஆசையோடு கேட்டேன். அக்காள் என் கையில் குடத்தைக் கொடுத்தாள்.

"நட்டுப்போட்டு ஓடறவன் நீ. போய்த் தண்ணி ஊத்து!"

ஊற்றினேன். உங்களையும் யாராவது மரம் நடக் கூப்பிட்டால், எத்தனை கன்று என்று கேட்காதீர்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேளுங்கள்.

வேலிக்கு வெளியே ஓர் ஆடு நின்று என்னையே பார்த்தது. பழைய சிநேகிதம் அல்லவா!