முருங்கனுக்கு ஏறுசுவர் வேண்டுமா?

எமது ஊரில் மலை இல்லை. முருங்கன் புகையிரத நிலையத்தில் இறங்கி எத்திசை நோக்கினும் வயல்வெளி, சற்றுத் தொலைவில் கட்டுக்கரைக் குளத்தின் நீண்ட அணைக்கட்டு, ஆங்காங்கே பனைகள், அவ்வளவே. நிலம் கடலை நோக்கித் தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. உயர ஏறிப் பார்க்க விரும்பும் குழந்தைக்கு இங்கே குளக்கட்டையும் மரத்தையும் விட்டால் வேறு வழியில்லை.

இத்தகைய ஊருக்குச் செயற்கை மலை ஒன்று வேண்டும் என்ற யோசனையுடன் கனடாவிலிருந்து எமது பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். ஒரு மாலை ஊர்ப் பெரியோரையும் ஆசிரியர்களையும் பெற்றோர் சிலரையும் பொதுமண்டபத்துக்கு அழைத்துத் தமது கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். பெரிய மண்டபம், நான்கு புறமும் உயர்ந்த சுவர்கள், சுவரெங்கும் பல நிறங்களில் கைப்பிடிகள். சிறுவர் சிறுமியர் இடுப்பில் வாரும் கயிறும் பூட்டி, பிடிக்குப் பிடி தாவிக் கூரைவரை ஏறுகின்றனர். தாமும் நண்பர்களும் பணம் திரட்டினால் இப்படியொரு ஏறுசுவர் மண்டபத்தை இங்கும் அமைக்கலாம் என்றார்.

உண்மையைச் சொல்வதானால், எமக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்து வந்தது சினம். 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகைவண்டி மீண்டும் ஓடுவதற்கு 2015வரை காத்திருந்த மக்கள் நாம். கால் நூற்றாண்டு தண்டவாளமே இல்லாதிருந்த ஊருக்கு இன்று சுவர் ஏறும் விளையாட்டா? விஞ்ஞான ஆய்வுகூடம் வேண்டும். நல்ல வாசிகசாலை வேண்டும். கோடையில் குடிநீர் வேண்டும். கைப்பிடியும் கயிறும் கப்பலில் வரவேண்டும். வந்த கயிறும் என்றென்றைக்கும் உழைக்காது. சில ஆண்டுகளில் கழித்துப் புதியது வாங்க வேண்டும். பயிற்றுநர் வேண்டும். தகரக் கூரையின் கீழ் எமது வெயிலில் யார் ஏறுவது? அயல்நாட்டு நகரங்களில் இத்தகைய மண்டபத்தினுள் ஒருநாள் நுழைவதற்குக் கொடுக்கும் கட்டணம், இங்கே வயலில் குனிந்து நிற்பவரின் நாட்கூலியை விழுங்கிவிடும். பசித்தவன் முன் பன்னீர்ச் செம்பை நீட்டுவதுபோல் இருக்கிறது என்றோம். மண்டபத்தில் பலர் தலையசைத்தனர்.

அப்போது எழுந்தவர் எம்முடன் கற்பிக்கும் இளம் ஆசிரியை. "சேர், கிரிக்கெட் மட்டையும் ஒரு காலத்தில வெள்ளைக்காரன்ர ஆடம்பரந்தானே? ஏழைப் பிள்ளைக்குச் சோறும் புத்தகமும் போதும், விளையாட்டு வேண்டாமெண்டு ஆர் தீர்மானிச்சது?" என்று கேட்டார். இன்னும் ஒன்று சொன்னார். மன்னார் மாவட்டத்தில் உதைபந்தாட்டம் இல்லாத ஊரில்லை. ஆனால் மாலையில் மைதானத்தில் நிற்பவர்கள் ஆண்பிள்ளைகள். வயதுக்கு வந்த பெண்பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாள். பிறகு அதுவும் நின்றுபோகும். கூரையின் கீழ் அவளுக்கென ஓர் இடம் கிடைத்தால் அது ஆடம்பரமா? எமக்கு உடனே விடை கூற முடியவில்லை.

வீடு திரும்பிய பின் இவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடி வாசித்தோம். மலையேற்றம் நெடுங்காலம் செல்வர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. ஆனால் மலை செல்வருக்கே உரியதென்ற எண்ணத்தைத் தொழிலாளர் ஏற்கவில்லை. 1932 ஏப்ரல் 24இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நிகழ்ந்ததை எமது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பிரபுக்கள் பறவை வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த அம்மலைக்குள், மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளரும் வேலையற்றோருமாகச் சில நூறு பேர் தடையை மீறி ஏறினர். முன்னின்றவர் பென்னி றொத்மன் என்னும் 20 வயது இளைஞர், பொதுவுடைமையாளர். ஐவர் சிறை சென்றனர். அந்நிலம் அடங்கிய பகுதியே 1951இல் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. ஆலையின் புகையை வாரமெல்லாம் சுவாசித்தவர்கள் ஞாயிறன்று ஒரு குன்றின் காற்றுக்காகச் சிறை செல்லத் துணிந்தார்கள். அவர்களிடம் சென்று, முதலில் கூலி உயரட்டும், காற்றைப் பிறகு பார்க்கலாம் என்று எம்மால் சொல்ல முடியுமா?

அதே மான்செஸ்டரில் குழாய் பொருத்தும் தொழில் பழகிய ஜோ பிறவுண், தாயார் கழித்துப்போட்ட துணிக்கொடிக் கயிற்றைக் கொண்டு பாறையேறப் பழகியவர். 1955இல் உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமான கஞ்சன்ஜங்காவின் உச்சியை முதன்முதலில் அணுகிய இருவருள் அவர் ஒருவர். ஏறுசுவரின் பிறப்பும் எளிமையானதே. 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி விரிவுரையாளர் டொன் றொபின்சன், கட்டடத்தின் நடைக்கூடச் சுவரிலே கற்களைப் பதித்து மாணவருக்குப் பயிற்சி அளித்தார். ஒரு நடைக்கூடமும் சில கற்களுமே தொடக்கம். அண்மையில், 2024 ஓகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக்கில் 15 மீற்றர் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வென்றவர் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ. அதுவரை பூப்பந்தாட்டத்தில் மட்டுமே ஒலிம்பிக் தங்கம் கண்டிருந்த நாடு அது.

15 மீற்றர் என்ற அளவை வாசித்தபோதுதான் எமது சிந்தை வீட்டு வேலிக்கு அப்பால் நின்ற பனையில் போய் முட்டியது. 15 மீற்றர் ஏறக்குறைய 50 அடி. வளர்ந்த பனையொன்று அதற்குக் குறைவதில்லை. காலிரண்டையும் தளைநாரால் பிணைத்து, மார்பை மரத்தோடு அணைத்து, இடுப்பிலே பாளைக்கத்தியும் முட்டியுமாக எமது சீவல் தொழிலாளி ஏறுகிறார். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. பத்து மரம் சீவுபவர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 1000 அடி. ஒலிம்பிக் சுவரை இருபது தடவை ஏறியதற்குச் சமம். அவருக்குக் கயிறு இல்லை. கீழே மெத்தை இல்லை. மேலே பதக்கமும் இல்லை. மலையில்லாத ஊர் என்று தொடங்கினோம். மலையில்லாத இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக ஏறுபவர்கள் இருந்தே வந்திருக்கிறார்கள். நாம் அவர்களை ஏறுபவர்கள் என்று எண்ணியதில்லை. மரமேறி என்று ஏசியிருக்கிறோம்.

விளையாட்டுக்காக ஏறினால் வீரம், வயிற்றுக்காக ஏறினால் இழிவு! இந்த அநீதிக்குச் சாதி என்று பெயர். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், தேநீர்க் கடையிலும் கோவில் வாசலிலும் சமத்துவம் கேட்டு 1966 ஒக்டோபர் 21இல் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்வலம் செல்ல வேண்டியிருந்தது. அவ்வரலாற்றை வகுப்பிலே உணர்ச்சியோடு கற்பித்தவர்கள் நாம். கற்பித்த எம்மிடமே ஒரு குற்றம் உண்டு. அதை இங்கே எழுதாமல் இக்கட்டுரை நேர்மையாகாது.

நாம் ஆசிரியத் தொழிலுக்குப் புதிதாக வந்த காலம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் அடிக்கடி பிந்தி வருவான். விடியற்காலையில் தகப்பனாருக்கு உதவியாக மரத்தடியில் நின்றுவிட்டு வருபவன். சில நாட்களில் தானும் ஏறுவான். மார்பிலே சிராய்ப்பு இருக்கும். ஒருநாள் கேத்திரகணித பாடத்தில் விடை தெரியாது நின்றான். "மரமேறப் போறவனுக்குக் கேத்திரகணிதம் என்னத்துக்கு?" என்றோம். வகுப்புச் சிரித்தது. அடுத்த தவணை அவன் வரவில்லை. நாம் தேடிப் போகவுமில்லை. பின்னொரு காலத்தில் அவனுடைய தகப்பனார் மரத்திலிருந்து விழுந்து, எழுந்து நடக்க முடியாமலே சில ஆண்டுகள் கிடந்து இறந்தார் என்று கேள்விப்பட்டோம்.

பொதுமண்டபக் கூட்டத்தின் கடைசி வாங்கில் அவரும் இருந்தார். தலை நரைத்துவிட்டது. மகள் பாடசாலையில் படிக்கிறாள். அதனால் பெற்றோர் வரிசையில் வந்திருந்தார். எல்லோரும் பேசி ஓய்ந்த பின் மெல்லக் கேட்டார்:

"தம்பி, அதில ஏறிற பிள்ளை கை தவறினா?"

"ஒண்டும் ஆகாது அண்ணை. கயிறு பிடிக்கும். கீழ மெத்தையும் இருக்கு. விழுந்து விழுந்துதான் அங்க பழகிறது."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எம்மைப் பார்த்துச் சொன்னார்: "விழுந்தும் பழகலாமோ சேர்? எங்கட மரத்தில ஒருக்காத்தான் விழலாம்."

அன்று சிரித்தவர்களும் சினந்தவர்களும் அதன்பின் பேசவில்லை. நாமும் பேசவில்லை. ஏறுசுவர் பற்றி நாம் வாசித்தவை யாவற்றிலும் அந்த ஒரு வாக்கியமே பெரிதாகப் பட்டது. வசதி என்பது எது? உயர ஏறும் வாய்ப்பா? அது எமது மக்களிடமும் இருக்கிறது. விழுந்தாலும் அழியாதிருக்கும் வாய்ப்பே அவர்களிடம் இல்லை. ஒரு போக நெல் பொய்த்தால் கடன். ஒரு சோதனையில் தவறினால் படிப்பு முடிவு. ஓர் ஆசிரியனின் ஒரு சொல்லால் ஒரு சிறுவனின் பள்ளிக்காலமே முடிந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை பத்துமுறை தவறிப் பதினோராம் முறை வெல்கிறது. அதற்குக் கீழே மெத்தை உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒருமுறைதான்.

எனவே எமது விடையை மாற்றிக்கொண்டோம். முருங்கனுக்கு ஏறுசுவர் வேண்டும். ஆனால் கட்டணம் வாங்கும் குளிரூட்டிய மாளிகை வேண்டாம். பெங்களூர்க் கண்டீரவா விளையாட்டரங்கிலே ஏறுசுவர் பொதுச் சொத்தாக நிற்கிறது. இங்கும் அது பாடசாலைக்கோ பிரதேச சபைக்கோ உரியதாக இருக்கட்டும். பக்கங்கள் திறந்த, காற்றோடும் கொட்டகையில் ஒரேயொரு சுவர் போதும். நடைக்கூடத்தில் தொடங்கிய விளையாட்டுக்கு மாளிகை எதற்கு? மாலை வேளைகளிற் சில பெண்பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்படட்டும். திரட்டும் பணத்தின் முதற்பங்கு இவ்வட்டாரத்துச் சீவல் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு வாரும் கயிறும் வாங்கவும், அவர்களுக்கு விபத்துக் காப்புறுதி செய்யவும் செலவாகட்டும். சுவரிலே விளையாடும் பிள்ளைக்குக் கயிறும், மரத்திலே உழைக்கும் தகப்பனுக்கு வெறுங்காலும் என்றால் அந்தச் சுவர் எழவே கூடாது. அயல்நாட்டுப் பயிற்றுநர் வந்து கயிற்றின் முறையைக் கற்பிக்கட்டும். கற்ற பின் பயிற்றுநராகச் சம்பளம் பெற்று நிற்க வேண்டியவர்கள் எமது மரத்தொழிலாளர்களே. உடலின் பாரத்தைக் காலிலே இறக்கிக் கையைக் களைக்காமல் வைத்திருக்கும் வித்தையை அவர்களைவிட இங்கே அறிந்தவர் யார்?

இவற்றை எழுதிப் பழைய மாணவருக்கு அனுப்பியிருக்கிறோம். நண்பர்களுடன் பேசுவதாகப் பதில் எழுதியிருக்கிறார். சுவர் எழுமா, எழாதா என்பதை இனிமேல்தான் காணவேண்டும்.

ஒரு கடனை மட்டும் நாம் பிற்போடவில்லை. கூட்டத்துக்கு மறுநாள் மாலை அவருடைய வீட்டுக்குச் சென்றோம். அவர் அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கித் தளைநாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்நாளில் வகுப்பிலே சொன்ன சொல்லைக் கூறி மன்னிப்புக் கேட்டோம். "அது கனகாலத்துக் கதை சேர்," என்று கதிரையை எடுத்துப் போட்டார். மறந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. உள்ளே விளக்கின் கீழ் அவருடைய மகள் கேத்திரகணிதம் செய்துகொண்டிருந்தாள். ஒரு கணக்குத் தவறியிருந்தது. அழித்துவிட்டு மறுபடியும் செய்யச் சொல்லி, அவளருகே அமர்ந்தோம்.